உலகத் தமிழாராய்ச்சி மாநாடு

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்பது தமிழ் மொழி, இலக்கியம், வரலாறு, கல்வெட்டு, கலை, சமூகம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் பல நாடுகளிலிருந்து ஓரிடத்தில் கூடித் தம் ஆய்வுகளை முன்வைத்து விவாதிக்கும் மாநாடு ஆகும். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் இதனை நடத்துகிறது. முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரில் நடைபெற்றது.

உலகத் தமிழ் மாநாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் தலைவர்களின் உரைகளுமே. ஆனால் இம்மாநாட்டின் அடிப்படை ஆய்வரங்கம்தான். ஒவ்வொரு மாநாட்டுக்குப் பின்னும் நிலைத்து நிற்பவை அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகளும் அதன் விளைவாகத் தோன்றிய நிறுவனங்களுமே ஆகும்.

தோற்றம்

ஐரோப்பிய அறிஞர்கள் ஆசிய நாடுகளின் மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராயும் துறையைக் கீழைத்தேயவியல் என்று அழைத்தனர். அத்துறையினரின் முதல் பன்னாட்டு மாநாடு 1873 இல் பாரிசில் கூடியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1973 இல் மீண்டும் பாரிசில் கூடியபோது 'கீழைத்தேயவியல்' என்ற பெயர் பொருத்தமற்றது எனக் கைவிடப்பட்டது. இன்று 'ஆசியவியல்' என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது.

அம்மாநாடுகளில் இந்தியவியல் என்றால் பெரும்பாலும் வடமொழி ஆய்வு என்றே கருதப்பட்டது. தமிழுக்குக் கிடைத்த இடம் குறைவு. இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980). தமிழரல்லாத அறிஞர்களும் தமிழாய்வை அறிந்துகொள்ளும் பொருட்டு, 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழை அவர் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களையும் தேடிக் கண்டார். 1679 இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அவர் முயற்சியால் 1966 இல் மறுபதிப்புப் பெற்றது.

1964 ஜனவரியில் கீழைத்தேயவியலாளரின் 26 ஆவது பன்னாட்டு மாநாடு புது தில்லியில் நடைபெற்றது. அதற்கு வந்திருந்த தமிழ், திராவிடவியல் அறிஞர்களைத் தனிநாயகம் அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் ஒன்று கூட்டினர். அக்கூட்டத்தில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர். திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலியை 1961 இல் வெளியிட்ட தாமஸ் பர்ரோ, எமனோ ஆகியோர் துணைத்தலைவர்களுள் இடம்பெற்றனர்.

தாய்மொழி தமிழ் அல்லாதவர்கள் இத்தனை பேர் பொறுப்பேற்றது தற்செயல் அன்று. ஒரு மொழியின் சிறப்பை அம்மொழியினர் மட்டுமே பேசினால் அது பெருமையாக நின்றுவிடும். பிறரும் சான்றுகளைச் சோதித்து ஏற்கும்போதுதான் அது அறிவாகும் என்பதே மன்றத்தின் அடிப்படைக் கருத்து.

நடைபெற்ற மாநாடுகள்

முதல் பத்து மாநாடுகள் பின்வரும் இடங்களில் நடைபெற்றன.

1. கோலாலம்பூர், மலேசியா – 1966
2. சென்னை – 1968
3. பாரிஸ், பிரான்ஸ் – 1970
4. யாழ்ப்பாணம், இலங்கை – 1974
5. மதுரை – 1981
6. கோலாலம்பூர், மலேசியா – 1987
7. போர்ட் லூயிஸ், மொரிசியஸ் – 1989
8. தஞ்சாவூர் – 1995
9. கோலாலம்பூர், மலேசியா – 2015
10. சிகாகோ, அமெரிக்கா – 2019

2010 ஜூன் மாதம் கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இவ்வரிசையைச் சேர்ந்ததன்று. அது தமிழ்நாடு அரசு தனியே நடத்தியது.

மாநாடு நடைபெறும் முறை

ஆய்வு மாநாடு ஒன்று கூடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்டுரைகளுக்கான அழைப்பு வெளியாகும். பங்கேற்க விரும்புவோர் தம் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்புவர். எதை ஆராய்ந்தோம், என்ன சான்று கிடைத்தது, முடிவு என்ன ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். வல்லுநர் குழு அவற்றைப் படித்துத் தேர்வு செய்யும். தேர்வானவை பொருள்வாரியாக அமர்வுகளாகப் பிரிக்கப்படும்.

அமர்வில் ஒருவருக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் வரை கிடைக்கும். அதன்பின் அவையினர் வினா எழுப்புவர். மாநாட்டின் உயிர்நாடி இந்த வினா நேரமே. கல்வெட்டின் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தாலும், முன்பே ஒருவர் சொன்ன கருத்தை அறியாமல் மீண்டும் சொல்லியிருந்தாலும் அங்கே வெளிப்பட்டுவிடும். கட்டுரையாளர் திருத்தங்கள் செய்து அளித்த வடிவமே ஆய்வுத் தொகுதியில் அச்சாகும்.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாநாட்டு மலர் என்பது வாழ்த்துரைகளும் பொதுக் கட்டுரைகளும் கொண்ட நினைவு வெளியீடு. ஆய்வுத் தொகுதி என்பது அமர்வுகளில் படிக்கப்பட்ட கட்டுரைகளின் திரட்டு. மேற்கோளாகக் காட்டத் தக்கது பின்னதே.

விளைவுகள்

சென்னை மாநாட்டில் ஐராவதம் மகாதேவன் சங்ககாலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய கட்டுரையை அளித்தார். குகைகளில் வெட்டப்பட்ட அச்சிறு கல்வெட்டுகளை அவர் தொடர்ந்து ஆராய்ந்ததன் முழுப் பயன், 2003 இல் பெருநூலாக வெளிவந்தது. ஒரு மாநாட்டுக் கட்டுரைக்கும் முடிந்த நூலுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

மாநாடுகள் நிறுவனங்களையும் தந்தன. சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 1970 இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் அமைந்தது. மதுரை மாநாடு நடந்த 1981 ஆம் ஆண்டிலேயே தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சென்னை மெரினா கடற்கரையிலுள்ள திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, ஜி. யு. போப் முதலியோரின் சிலைகள் 1968 மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவை.

இடர்ப்பாடுகளும் விமர்சனமும்

யாழ்ப்பாண மாநாடு துயரத்தில் முடிந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் அது நடந்தது. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்ற அரசின் விருப்பத்துக்கு மாறாக அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தனர். ஆய்வரங்குகள் முடிந்தபின் 1974 ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தருகே கூடிய பெருங்கூட்டத்தின் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. அப்போது உயிரிழப்புகள் நேர்ந்தன. இலங்கைத் தமிழர் வரலாற்றில் ஆறாத வடுவாக அந்நிகழ்வு நிலைத்துவிட்டது.

1995 தஞ்சை மாநாட்டுக்கு வந்த இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அதற்குப் பின் அடுத்த மாநாடு கூட 20 ஆண்டுகள் ஆயின. 2010 இல் மன்றத்தின் தலைவராயிருந்த ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா, ஆய்வாளர்கள் கட்டுரை எழுதப் போதிய கால அவகாசம் வேண்டும் என்று வலியுறுத்தினார். விழாவுக்குச் சில மாதங்கள் போதும். ஆய்வுக்குப் போதா என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம். மாநாடு விழாவா, ஆய்வா என்ற இக்கேள்வி இன்றும் தொடர்கிறது.

வட்டார ஆய்வும் மாநாடும்

பன்னாட்டு மாநாட்டுக்குப் பெரிய பொருள்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு சிற்றூரைச் சுற்றியுள்ள சான்றுகளே நல்ல ஆய்வுப் பொருளாகும். ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியை உள்ளடக்கிய இந்த எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அன்றாடம் பேசப்படுகின்றன. ஒரே பொருளுக்கு மூன்று மொழியினரும் வழங்கும் சொற்களைத் திரட்டினால், அது பர்ரோவும் எமனோவும் செய்த ஒப்பீட்டுப் பணியின் சிறு தொடர்ச்சியாகும்.

தொல்லியலிலும் இப்பகுதி வளமுடையது. மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக உள்ளன. போரிலும் ஆநிரை மீட்பதிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான சிவகளைக் காலக்கணிப்பு இதனை மேலும் பின்னோக்கிக் கொண்டு சென்றது. இத்தகைய முடிவுகளைப் பிற நாட்டு அறிஞர்கள் வினா எழுப்பிச் சோதிக்கும் இடம் ஆய்வரங்கமே.

தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் கல் குவாரிகளும் பெருகும் இடத்தில் ஒரு நடுகல் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் படம், அளவு, இருக்குமிடம், எழுத்தின் வாசகம் ஆகியவை ஓர் ஆய்வுத் தொகுதியில் ஏறிவிட்டால், கல் மறைந்தாலும் சான்று மறையாது. ஊர்வலங்கள் கலைந்த பின்னும் ஆய்வு மாநாடுகள் தேவைப்படுவது இதற்காகத்தான்.