சாடியில் அகபாந்தஸ்: வேரறிந்து வளர்த்தல்

தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அகபாந்தஸ், வாள்போன்ற பசிய இலைகளும் நீண்ட தண்டின் உச்சியிற் குடைபோல் விரியும் நீல மலர்க்கொத்தும் உடையது. வெலிமடையிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில், 1861இல் சிங்கோனாப் பயிருக்கென நிறுவப்பெற்ற ஹக்கலைப் பூங்கா, பிறநாட்டுச் செடிகள் நம் மலைக்குளிரிற் செழிக்கும் என்பதற்குச் சான்று. அகபாந்தஸுக்கும் இக்குளிர் பொருந்தும். ஆயினும், சாடியில் வளர்ப்போர் இலை மஞ்சளாதலையும் பூ வராமையையும் கண்டு நீரை மிகுதியாக வார்ப்பர்; செடியோ மடிந்துபோம்.

இக்குறைக்குப் பெரும்பாலும் வேரே காரணம். வேர்க்கேடு இருவகை, புறத்தோற்றம் ஒன்று, பரிகாரமோ வேறு. ஆதலின், செடியைச் சாடியினின்றும் எடுத்து வேரை நோக்குதல் முதற்கடன்.

முதலாவது, வேர் நெருக்கம். தடித்த சதைப்பற்றுள்ள இவ்வேர்கள் சற்று நெருங்கியிருத்தல் பூப்பதற்கு இடையூறன்று. ஆனால், சாடி முழுவதையும் வேரே கவர்ந்துகொண்டால், வார்க்கும் நீர் உட்செல்லாது விளிம்பால் வழிந்தோடும். சிலவேளை சாடியே வெடிக்கும். பூத்து ஓய்ந்தபின், பகுதிக்கு இரண்டு மூன்று குருத்துகள் இருக்குமாறு கூரிய கத்தியாற் பிரித்து, முன்னைய ஆழத்திலேயே, வேர்த்தொகுதியினும் 2 அங்குலம் அகன்ற சாடிகளில் நடுக. அடுத்த பருவத்திற் பூவாதிருப்பினும் கவலற்க.

இரண்டாவது, வேரழுகல். நல்ல வேர் வெண்மையும் உறுதியும் உடையது. அழுகியது கபில நிறமாய்க் குழைந்து நாறும். தேங்கிய நீரே இதற்கு முதற்காரணம். அழுகலை வெண்பகுதி தோன்றும்வரை வெட்டி நீக்கி, செடியை ஒருநாள் நிழலில் உலர்த்தி, சிறிய சாடியிற் புதுமண்ணில் நடுக. புதுத்தளிர் காணும்வரை நீரைச் சுருக்குக.

தோட்டமண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, பருமணல் 1 பங்கு சேர்ந்த கலவை நீரை எளிதில் வடிக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள மழைக்காலத்திற் சாடியின் அடித்தட்டை அகற்றி, செங்கல்மேல் உயர்த்தி வைக்க. ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்று வீசும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேல்மண் ஓரங்குலம் உலர்ந்ததும் நீர் வார்க்க. நாளிற் பாதிக்காவது வெயில் வேண்டும். தழைச்சத்து மிகின் இலையே பெருகும்.

இதன் சாறு தோலை உறுத்தும், உண்டால் நஞ்சாம். சிறார் எட்டாவண்ணம் வைத்து, வேலை முடிந்ததும் கைகழுவுக. பிரித்த செடிகள் மிகுமாயின், அயலார்க்கும் கல்லூரித் தோட்டத்திற்கும் ஈந்துதவலாம்.