குயானைட்டு

குயானைட்டு என்பது குரோமியம், ஆக்சிசன், ஐதரசன் ஆகிய தனிமங்களால் ஆன ஓர் அரிய கனிமமாகும். வேதியியலில் இது குரோமியம் ஆக்சைடு ஐதராக்சைடு எனப்படும். ஒரு குரோமியம் அணுவுக்கு ஓர் ஆக்சிசன் அணுவும் ஓர் ஐதராக்சைடு தொகுதியும் என்பது இதன் இயைபு. பிரேசுவெல்லைட்டு, கிரிமால்டியைட்டு ஆகிய வேறு இரண்டு கனிமங்களின் இயைபும் இதுவே. ஒரு பொருளில் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு அது எந்தக் கனிமம் என்று முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இம்மூன்றும் சான்றாகும்.

கண்டறிதலும் பெயரும்

தென் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள கயானா நாட்டில், மசருனி ஆற்றுப் பகுதியில் மெரும் என்ற சிற்றாறு பாய்கிறது. தங்கமும் வைரமும் கிடைக்கும் இப்பகுதியின் ஆற்றுச் சரளையில், குரோமியம் மிகுந்த கருநிறச் சிறுமணிகள் காணப்பட்டன. இவை ஒரே கனிமம் எனக் கருதப்பட்டு, ஆற்றின் பெயரால் மெருமைட்டு எனப் பெயரிடப்பட்டன.

பின்னர் நடந்த ஆய்வில், மெருமைட்டு பல கனிமங்களின் நுண்ணிய கலவை எனத் தெரிந்தது. சார்லசு மில்டன் உள்ளிட்ட அறிவியலாளர்களின் விரிவான அறிக்கையை அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டது. குயானைட்டு நாட்டின் பெயரைப் பெற்றது. பிரேசுவெல்லைட்டு நிலவியலாளர் சுமித் பிரேசுவெல்லின் பெயரையும், கிரிமால்டியைட்டு வேதியியலாளர் பிராங்கு கிரிமால்டியின் பெயரையும் தாங்கியுள்ளன. செம்பும் குரோமியமும் கொண்ட மெக்கானலைட்டு, குரோமியம் ஆக்சைடான எசுகோலைட்டு ஆகியவையும் அக்கலவையில் உள்ளன.

இயைபும் அமைப்பும்

குயானைட்டின் நிறையில் ஏறத்தாழ 61 விழுக்காடு குரோமியம் ஆகும். குரோமியம் இதில் +3 ஆக்சிசனேற்ற நிலையில் உள்ளது. மூன்று கனிமங்களிலும் ஒவ்வொரு குரோமியம் அணுவையும் ஆறு ஆக்சிசன் அணுக்கள் எண்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. இந்த எண்முகிகள் ஒன்றோடொன்று இணையும் விதம்தான் வேறுபடுகிறது.

குயானைட்டில் அவை ஒற்றைச் சங்கிலிகளாகவும், பிரேசுவெல்லைட்டில் இரட்டைச் சங்கிலிகளாகவும், கிரிமால்டியைட்டில் தட்டையான அடுக்குகளாகவும் அமைகின்றன. முதல் இரண்டும் செஞ்சாய்சதுரப் படிகத் தொகுதியையும், மூன்றாவது முக்கோணப் படிகத் தொகுதியையும் சேர்ந்தவை. இரும்புக் கனிமமான கோயித்தைட்டும் அலுமினியக் கனிமமான டயசுபோரும் பிரேசுவெல்லைட்டை ஒத்த அமைப்புடையவை.

அமைப்பு மாறுவதால் அடர்த்தியும் மாறுகிறது. படிக அளவுகளிலிருந்து கணக்கிட்டால் குயானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.5 கிராம், கிரிமால்டியைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.1 கிராம். ஒரே இயைபுள்ள பொருள் வெவ்வேறு படிக அமைப்புகளில் தோன்றுவது பல்லுருவத் தன்மை எனப்படும். கார்பன் வைரமாகவும் கிராபைட்டாகவும் இருப்பது நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு.

இனங்காணல்

குயானைட்டு செம்பழுப்பு, பொன்பழுப்பு அல்லது பசுமை கலந்த நிறத்தில் காணப்படும். மணிகள் மிகச் சிறியவை. பிற கனிமங்களுடன் பின்னிக் கிடப்பவை. எனவே நிறத்தைக் கொண்டு மட்டும் இதை இனங்காண்பது கடினம். வேதிப் பகுப்பாய்வும் மூன்றுக்கும் ஒரே விடையைத்தான் தரும். சூடாக்கினால் மூன்றுமே நீரை இழந்து குரோமியம் ஆக்சைடாக மாறிவிடும். அணுக்களின் அடுக்குமுறையைக் காட்டும் எக்சு-கதிர் விளிம்பு விளைவு முறையே இவற்றைத் தெளிவாகப் பிரித்தறிய உதவுகிறது.

கிடைக்கும் இடங்கள்

புவியில் குரோமியம் பெரும்பாலும் இரும்புடன் சேர்ந்து குரோமைட்டு என்ற கனிமமாகவே கிடைக்கிறது. குரோமியம் இரும்பிலிருந்து பிரிந்து, நீருடன் சேர்ந்து ஐதராக்சைடாகப் படிகமாவது மிக அரிது. கயானாவைத் தவிர பின்லாந்தின் அவுட்டோகும்பு சுரங்கப் பகுதியிலும் குயானைட்டு கண்டறியப்பட்டுள்ளது. எசுகோலைட்டு 1958-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டதும் இதே அவுட்டோகும்புவிலிருந்துதான்.

இது தொழிலுக்கு உதவும் தாது அன்று. எனினும், ஒரு கனிமத்தின் அடையாளம் அதன் வேதி இயைபு, படிக அமைப்பு ஆகிய இரண்டும் சேர்ந்ததே என்பதை இது உணர்த்துகிறது.