விடுதலை பின்னிய ரேந்தை

மேல்கோட்டைக்கு வைரமுடி சேவைக்குச் செல்லும் நம் அன்பர்கள் பலர், திருநாராயணனைத் தரிசித்த கையோடு அவ்வூர்க் கைத்தறி வேட்டி ஒன்றும் வாங்கி வருவதுண்டு. அத்தறியில் பாவு நெடுக ஓடும். ஊடை குறுக்கே ஓடும். தறியே இல்லாமல் நூலைத் துணியாக்கும் கலை ஒன்று 19-ம் நூற்றாண்டில் நம் தென்கோடியில் வேரூன்றியது. அதுதான் ரேந்தை, அதாவது லேஸ். ரேந்தை என்ற சொல்லே போர்ச்சுகீசிய 'ரெண்டா' நமக்குத் தந்தது.

16-ம் நூற்றாண்டில் வெனிஸ், பிளாண்டர்ஸ் பகுதிகளில் வளர்ந்த கலை இது. திண்டின்மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இரண்டிரண்டு ஜோடியாக மாற்றி மாற்றிப் போடவேண்டும். அசைவுகள் இரண்டே: குறுக்கே மாற்றுதல், முறுக்குதல். ரயில் பாதை போட்ட எனக்கு இது யார்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடப்பதைத்தான் நினைவூட்டுகிறது. எத்தனை சிக்கலான பூவேலையும் அந்த இரண்டு அசைவுகளுக்குள் அடக்கம்!

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820களில் நாகர்கோவிலில் தம் பள்ளிப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்னரே, ரேந்தைக் கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. கலை சோறு போடும் என்பார்கள். இங்கே அது தளையையே அறுத்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கு ரேந்தை பின்னிய அதே மண்ணில், தம் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என 1859-ல் அரசு அறிவித்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்று ஒரு நிபந்தனை!

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, 1844-ல் மணந்தது நம் கால்டுவெல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கணவர் எழுதிய இடையன்குடியில், மனைவி பெண்களுக்கு ரேந்தை கற்பித்தார். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டர் தொடங்கிய கன்னியர் இல்லமும் இக்கலையை வளர்த்தது.

இங்கிலாந்தில் ஹீத்கோட் என்பவர் 1809-லேயே இதற்கு இயந்திரம் கண்டுவிட்டார். இயந்திர ரேந்தை மலிந்ததும் கைவேலைக்கு மதிப்புக் குறைந்தது. குமரி மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், பாட்டியின் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ரவிக்கை ஓரத்தில் ஒரு முழம் ரேந்தை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதை யார் பின்னினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.