சாண எரிவாயுக் கலன்: எந்த அளவு நம் வீட்டிற்கு ஏற்றது?

கால்நடை வைத்துள்ள அங்கத்தினர்கள் சாண எரிவாயுக் கலன் அமைக்க ஆர்வம் கொள்வது மிகவும் வரவேற்கத்தக்கது. வறட்டியாகத் தட்டி எரித்தால் சாம்பலாகிப்போகும் சாணம், கலனுக்குள் சென்றால் அடுப்புக்கு வாயுவையும் வயலுக்கு எருவையும் ஒருங்கே தருகிறது. எனினும், கலன் கட்டத் துணிந்தவர் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது கலனின் அளவு. இதில் தவறினால், அடுப்பு எரியாது நிற்க, வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலோர் வீட்டிலுள்ளோரின் தொகையைக் கொண்டே கலனின் அளவை நிர்ணயிக்க முற்படுகின்றனர். இதைத் தலைகீழான முறை என்றே சொல்ல வேண்டும். வாயு குழியிலிருந்து பிறப்பதன்று; சாணத்திலிருந்து பிறப்பது. ஆதலின், முதலில் மாட்டை எண்ண வேண்டும்; பிறகே மனிதரை எண்ண வேண்டும்.

அளவு என்பது எதைக் குறிக்கிறது?

2 கன மீட்டர் கலன் என்றால், 2 கன மீட்டர் கொள்ளளவுள்ள குழி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று. நாள் ஒன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரத்தக்க கலன் என்பதே அதன் பொருள். அதற்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும், ஆக 100 லிட்டர் கரைசல் ஊற்ற வேண்டும். அக்கரைசல் குழிக்குள் தங்கிச் செரிக்க நம் சமவெளிப் பகுதிகளில் ஏறத்தாழ 30 நாட்கள் ஆகும். எனவே, 2 கன மீட்டர் கலனுக்குச் சுமார் 3,000 லிட்டர் கொள்ளத்தக்க குழி தேவை. குளிர் மிகுந்த மலைப் பிரதேசங்களில் செரிமானம் தாமதப்படுமாதலால் 55 நாட்கள் தங்குமாறு குழியைப் பெரிதாக்குவர். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம் மிகவும் உகந்தது. மார்கழி, தை மாதங்களில் வாயு சற்றுக் குறைவதற்குக் காரணம் இதுவே.

சாணக் கணக்கு

ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். அதாவது, 1 கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். நாள் முழுவதும் தொழுவத்தில் கட்டியிருக்கும் பசுவோ எருதோ சுமார் 10 கிலோ சாணமும், எருமை சுமார் 15 கிலோவும், கன்று சுமார் 5 கிலோவும் தரும். பகலில் மேய்ச்சலுக்குச் செல்லும் மாடாயின், அச்சாணத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலத்திலேயே தங்கிவிடும். ஏறத்தாழப் பாதிதான் நம் கைக்கு வரும்.

மதிப்பீட்டை நம்புவதைவிடத் தராசை நம்புவது மேல். ஒரு வாரம் தொடர்ந்து காலையும் மாலையும் தொழுவத்துச் சாணத்தைக் கூடையில் அள்ளி எடை போட்டுக் குறித்துக்கொள்க. அன்றியும், கோடையில் தீவனப் பஞ்சம் வந்தால் மாடுகளில் ஒன்றிரண்டை விற்றுவிடுவது வழக்கமாயின், எஞ்சி நிற்கும் மாடுகளையே கணக்கில் கொள்ள வேண்டும். செழிப்பான மாதத்தைக் கொண்டு கட்டிய கலன் வறண்ட மாதத்தில் பட்டினி கிடக்கும். தண்ணீருக்கும் இதே விதிதான். சித்திரை, வைகாசியிலும் சாணத்தின் அளவுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்பதை முன்னரே யோசிக்க வேண்டும்.

அடுப்புக் கணக்கு

சமையலுக்கு ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் கால் கன மீட்டர் வாயு தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. ஐவர் உள்ள குடும்பத்துக்கு இவ்வாறு 1.25 கன மீட்டர் ஆகிறது. இப்போது உருளை எரிவாயு உபயோகிக்கும் குடும்பங்கள் தங்கள் தேவையை இன்னும் துல்லியமாக அறியலாம். உருளையை மாட்டிய தேதியையும் தீர்ந்த தேதியையும் நாட்காட்டியில் குறித்து வந்தால் போதும். 14.2 கிலோ உருளை 30 நாட்கள் வருமாயின், நாளொன்றுக்கு 470 கிராம் செலவாகிறது. 1 கன மீட்டர் சாண வாயு ஏறத்தாழ 450 கிராம் உருளை வாயுவுக்குச் சமம். ஆகவே, அக்குடும்பத்தின் தேவை நாளொன்றுக்கு 1 கன மீட்டருக்குச் சற்று மேல் என்று எளிதில் அறியலாம்.

இரண்டையும் பொருத்தும் வகை

ஐவர் உள்ள ஒரு வீட்டில் இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் தொழுவத்திலேயே கட்டித் தீனி போடப்படுகின்றன என்று கொள்வோம். சாணம் 25 கிலோ; வாயு 1 கன மீட்டர்; தேவையோ 1.25 கன மீட்டர். ஆட்களைக் கண்டு இவ்வீட்டார் 2 கன மீட்டர் கலன் கட்டினால், குழி பெரிதாகுமேயன்றி வாயு பெரிதாகாது. 1 கன மீட்டர் கலன் கட்டி, எஞ்சிய குறையை உருளையைக் கொண்டு நிறைவு செய்வதே விவேகம். அந்த மாடுகளே பகலெல்லாம் மேய்ச்சலுக்குச் செல்வனவாயின், 1 கன மீட்டர் கலனுக்கும் சாணம் போதாது. அவர்கள் இப்போதைக்குக் கலன் கட்டாதிருப்பதே நலம்.

நான்கு பசுக்கள் உள்ள வீட்டில் 40 கிலோ சாணம் கிடைக்கும். இது 1 கன மீட்டர் கலனுக்கு அதிகம். 2 கன மீட்டர் கலனுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுவதும் இவ்வளவு நிச்சயமாகக் கிடைக்குமாயின் 2 கன மீட்டர் கலனைத் தேர்ந்தெடுக்கலாம்; 1.6 கன மீட்டர் வாயு கிடைக்கும். கோடையில் 25 கிலோவாகக் குறையுமென்றால் சிறியதே போதும்.

தேவைக்கு மிஞ்சிய கலனால் நேரும் நஷ்டம் கட்டுமானச் செலவோடு முடிவதில்லை. போதிய கரைசல் ஊற்றாத கலனில் பழைய குழம்பு சரிவர வெளித்தள்ளப்படாது. மேலே ஆடை கட்டி இறுகும். அடியில் வண்டல் படியும். நாளடைவில் வாயு மேலெழ வழியின்றிக் கலனே பயனற்றுப் போகும். மாறாக, சிறிய கலனில் அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் சாணம் முழுதும் செரிக்காமலே வெளியேறும். இரண்டும் தவிர்க்கத்தக்கன.

கலனின் வகையையும் சிறிது கவனிக்க வேண்டும். கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு பரப்பிய மிதக்கும் இரும்பு மூடிக் கலன், ஒரு நாள் வாயுவில் ஏறத்தாழப் பாதியைச் சேமிக்க வல்லது. 1984-இல் உருவான தீனபந்து என்னும் நிலைக் கூரைக் கலன் மூன்றில் ஒரு பங்கைச் சேமிக்கும். முன்னதற்கு மூடி துருப்பிடிக்காமல் காலந்தோறும் வர்ணம் பூச வேண்டும். பின்னதற்கு அனுபவமுள்ள கொத்தனார் வேண்டும். எதுவாயினும் இன்றைய வாயுவை நாளைக்குச் சேர்த்துவைக்க இயலாது. தேவைக்கு மேற்பட்டது வீணே வெளியேறும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு

நெசவாளர் வீடுகளில் ஒரு பசு மட்டும் இருப்பின், கிடைக்கும் 10 கிலோ சாணம் 0.4 கன மீட்டர் வாயுவையே தரும். 1 கன மீட்டர் கலனுக்கே 25 கிலோ தேவையாதலால் இவர்களுக்குக் கலன் ஏற்றதன்று. உருளையே தக்கது. அதிலும் ஆளுக்கேற்ற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 240 கிராம் செலவாகுமானால், 5 கிலோ உருளை சுமார் 20 நாட்கள் வரும். கூலி ஒரே சீராக வராத காலத்தில் ஒரு சமயத்தில் கொடுக்க வேண்டிய தொகை குறைவு. தூக்கிச் செல்வதும் எளிது. குடும்பம் பெரிதாயின் 14.2 கிலோ உருளையே அனுகூலமானது.

வீட்டுக் கலனைக் கொண்டு நூலுக்குச் சாயமும் ஏற்றலாம் என்று எண்ணுவோரும் உண்டு. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்ற, அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2 கன மீட்டருக்கு மேற்பட்ட வாயு செலவாகும். ஒரு தொட்டிச் சாயத்துக்கே இவ்வளவு ஆகுமென்றால், அன்றைக்கு உலையில் அரிசி போட வாயு ஏது? சமையலுக்குக் கட்டும் கலனைச் சமையலுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

கடன் மனு கொடுக்குமுன்

ஒரு வாரச் சாண எடை, வறண்ட மாதத்து மாடுகளின் தொகை, கோடைத் தண்ணீர், ஒரு நாள் எரிவாயுச் செலவு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொள்க. கலனை அடுப்படிக்கு அருகிலும், குடிநீர்க் கிணற்றுக்கு 15 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும், வெயில் படும் இடத்திலும் அமைப்பது நலம். தொடக்கத்தில் குழியை நிரப்ப, 2 கன மீட்டர் கலனுக்கு மட்டும் சுமார் 1,500 கிலோ சாணம் தேவைப்படும். அதை முன்கூட்டியே சேர்க்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சாண வாயுவுக்கு அதற்கெனச் செய்யப்பட்ட அடுப்பே வேண்டும். உருளை வாயு அடுப்பை அப்படியே உபயோகிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். அரசு மானியம் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதை வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து அறிக. ஆனால் பெரிய கலனுக்கு மானியம் மிகுதி என்பதற்காகப் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மானியம் ஒருமுறைதான் வரும், கலனுக்கோ நாள்தோறும் தீனி வேண்டும்.

நாள் தவறாமல் நிறையும் சிறிய கலன், நிறையாத பெரிய கலனைக் காட்டிலும் மேலானது. இரு வேளையும் அடுப்பு எரிந்து, வெளிவரும் குழம்பு வயலுக்கும் தோட்டத்துக்கும் உரமாகச் சேருமாயின், அக்கலனுக்காக வாங்கிய கடன் அக்குடும்பத்துக்குப் பாரமாக இராது.