‘என்ன உடுத்தியிருந்தாள்?’ என்று கேட்பதற்கு முன்

பௌர்ணமி இரவு இரண்டு மணிக்குக் கிரிவலப் பாதையில் நின்று பாருங்கள். 14 கிலோமீட்டர் தூரமும் பெண்கள் நடந்து வருவார்கள். புடவையில் பாட்டி, சுடிதாரில் பேத்தி, நைட்டி மேல் துண்டு போட்டுக் கடையில் டீ ஆற்றும் அம்மா. ‘இந்த நேரத்தில் வெளியே என்ன வேலை?’ என்று அன்று யாரும் கேட்பதில்லை.

அதே ஊரில் 2025 செப்டம்பர் கடைசியில் வேறு கேள்வி கேட்டார்கள். ஆந்திராவிலிருந்து சரக்கு வண்டியில் வந்த ஓர் இளம்பெண்ணை, புறவழிச்சாலையில் இரவு ரோந்துப் பணியில் இருந்த இரண்டு காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானார்கள், பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். நாடே அதிர்ந்தது. ஆனால் நம் டீக்கடை பெஞ்சில் பேச்சு எப்படிப் போனது? “பொம்பளைங்க அந்த நேரத்துல ஏன் வரணும்?” பிழைப்புக்காகப் பயணம் வந்தவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. காவலுக்கு நின்றவர்களைப் பார்த்து இவ்வளவு சுலபமாக யாரும் கேட்கவில்லை.

நேரம் பற்றிய கேள்விக்கு அடுத்து வருவது உடை பற்றிய கேள்வி. பாதிக்கப்பட்டவர் சேரியைச் சேர்ந்தவர் என்றால் மூன்றாவதாக ஒன்றும் வரும்: “அவங்களைப் போய் இவர் தொடுவாரா?” இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்து வருபவை. அதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு உத்தரவுகள்

2022ஆம் ஆண்டு மலையாள எழுத்தாளர் சிவிக் சந்திரன் மீது இரண்டு பெண்கள் தனித்தனியாகப் பாலியல் புகார் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தலித் எழுத்தாளர். குற்றச்சாட்டுகளை மறுத்த சந்திரன், கோழிக்கோடு அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்டார். இரண்டு வழக்கிலும் கிடைத்தது.

தலித் பெண்ணின் வழக்கில் ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்த உத்தரவு, அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே இவர் அவரைத் தொட்டிருப்பார் என்பது நம்பும்படியாக இல்லை என்றது. பத்து நாள் கழித்து அதே நீதிபதி, இன்னொரு பெண்ணின் வழக்கில், அவர் பாலுணர்வைத் தூண்டும்படி உடை அணிந்திருந்தார் என்றும், அதனால் பாலியல் தொந்தரவுப் பிரிவு மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தாது என்றும் எழுதினார்.

ஒருவருக்குச் சாதி தடை. இன்னொருவருக்கு உடை தடை. புகார் கொடுத்தவரின் உடம்பை எடைபோட்ட இரண்டு உத்தரவுகளுமே, குற்றம் சாட்டப்பட்டவரின் கை எங்கே போனது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளின.

அந்த ஆண்டு அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் இதைத் திருத்தியது. உடை பற்றிய வாசகத்தை நீக்கியது. ஒரு பெண்ணின் ஆடை அவரது மானத்தில் கைவைக்க யாருக்கும் உரிமம் ஆகாது என்றது. தலித் பெண்ணின் வழக்கில் கொடுத்த முன்ஜாமீனையே ரத்து செய்தது.

‘தீண்டத்தகாதவளைத் தொடுவானா’ என்ற வாதம் புதிதல்ல. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகப் பன்வாரி தேவி தாக்கப்பட்ட வழக்கில், 1995ல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தபோதும் இதே தர்க்கம் தலைகாட்டியது. குடிக்கும் டம்ளரில் இருக்கும் தீண்டாமை, வன்கொடுமையில் இருந்ததில்லை என்பதை நம் ஊர்ப் பெண்கள் நீதிமன்றம் போகாமலே அறிவார்கள்.

மூடினாலும் குற்றம்

ஆடையைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் வரலாறும் படிக்க வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அம்பேத்கரின் எழுத்துகளிலும் இந்தப் பட்டியல் இடம்பெற்றிருக்கிறது.

அதற்கும் முன்பு தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணிந்ததற்காக நாடார் பெண்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். பல ஆண்டுகள் போராடி 1859ல் கிடைத்த அரசாணையும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

அன்று மூடினாய் என்று அடித்தார்கள். இன்று மூடவில்லை என்று பழிக்கிறார்கள். அளவு மாறியிருக்கிறது, அளவுகோலைப் பிடித்திருக்கும் கை மாறவில்லை. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் புடவை கட்டுவதை விடுங்கள் என்று சொன்னதன் பொருள் இதுதான். உன் உடையை நீ தீர்மானி என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

“கோயிலுக்குப் போனால் மரியாதையாக உடுத்துகிறோமே, அதைத்தானே சொல்கிறோம்” என்பார்கள் சிலர். சன்னதிக்கு என்ன உடுத்துவது என்பது பக்தரின் மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டு ஒரு குற்றத்தின் கனத்தை அளக்க முடியாது. வாசலில் செருப்பை விடாதவரைக் கூட யாரும் கொள்ளையடிக்கலாம் என்று சட்டம் சொல்வதில்லை.

வாச்சாத்தியில் என்ன சொன்னார்கள்?

செங்கத்தைத் தாண்டி மேற்கே போனால் அரூர். அதன் அருகே மலைவாழ் மக்களின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘கடத்தல்காரர்கள்’. உடையைச் சொல்ல முடியாத இடத்தில் நடத்தையைச் சொன்னார்கள். பழி மட்டும் பெண்கள் மேலேயே விழுந்தது.

அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29ல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். பழிச்சொல் ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடுகிறது. நீதிதான் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

ஆடை பற்றி நியாயமான கேள்வி ஒன்று உண்டு: “அன்று போட்டிருந்த துணி எங்கே?” ஏனென்றால் அது சாட்சியம். அவமானத்தில் துவைத்துவிடுவதும் எரித்துவிடுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. அது குற்றவாளிக்குச் செய்யும் உதவி. துவைக்காமல், ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். முடிந்தால் குளிப்பதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக முதலுதவி செய்து, காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பக் கூடாது.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லி முதல் தகவல் அறிக்கையை மறுக்க முடியாது. பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால் வன்கொடுமை தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது விசாரணை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் போகும். பெண்ணின் முந்தைய நடத்தையை வைத்து அவர் சம்மதித்தார் என்று வாதிடச் சட்டத்தில் இடமில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. வன்கொடுமைப் புகாருக்கு 14566.

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். அதில் ஆடை பற்றிய பேச்சு வருகிறது. ஒரு தலித்தின் ஆடையை இன்னொருவர் களைவது குற்றம் என்று சொல்லும் இடத்தில் வருகிறது. அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று அந்தச் சட்டம் எங்கும் கேட்பதில்லை.

அடுத்த பௌர்ணமிக்கும் பெண்கள் நடப்பார்கள். அன்றைக்கு நாம் காட்டும் மரியாதை மறுநாள் காலை வேலைக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கும், ராத்திரி லோடு வண்டியில் வரும் பெண்ணுக்கும் உரியது. டீக்கடையில் அந்தப் பழைய கேள்வி எழும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது சொல்ல வேண்டும்: “அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னு கேளுய்யா.”