கூடிப் பேசினார்கள், கூடிற்று விலை!

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றனர் நம் முன்னோர். கல்யாணத்தைக்கூட இரண்டு மாலையோடு முடித்துவிடலாம். வீட்டை அப்படி முடிக்க முடியுமா? செங்கல் வேண்டும், மணல் வேண்டும், கம்பி வேண்டும். அத்தனையையும் ஒட்ட வைக்கச் சிமிண்டு வேண்டும். கடைக்குப் போனால், மூட்டையின் பெயர் வேறு, நிறம் வேறு, மேலே அச்சிட்ட படம் வேறு. விலை மட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் ஒட்டி நிற்கிறது! "எல்லாம் ஒரே ரேட்டுதான் அண்ணே" என்கிறார் கடைக்காரர். அவர் மீது நமக்குக் கோபமில்லை. விலை அவர் கையில் பிறந்ததல்ல.

எங்கே பிறந்தது?

இந்தக் கேள்வி 2010-ம் ஆண்டு மனுவாக டில்லிக்குப் போயிற்று. அனுப்பியது ஏழை எளியோர் சங்கமல்ல. கட்டட கான்ட்ராக்டர்களின் அகில இந்தியச் சங்கம். போய்ச் சேர்ந்த இடம், 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியப் போட்டி ஆணையம். போட்டியிட வேண்டிய வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைக்கக்கூடாது, சரக்கை வேண்டுமென்றே சுருக்கக்கூடாது, ஊரை உனக்கு இது எனக்கு அது என்று கூறு போடக்கூடாது, டெண்டரில் திரைமறைவு நாடகம் ஆடக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். 1969-ம் ஆண்டிலேயே ஏகபோகத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் கம்பெனியின் பருமனைப் பார்த்து மிரண்டது. புதுச் சட்டமோ நடத்தையைப் பார்க்கிறது. பருத்திருப்பது குற்றமல்ல, பருத்த கையால் பிறர் கழுத்தை நெரிப்பதே குற்றம் என்பது அதன் கருத்து.

ஆணையம் விசாரித்தது. 2011 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சிமிண்டு உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரால் பம்பாய் ஓட்டலொன்றில் கூட்டங்கள். கூட்டம் கலைந்ததும் விலை ஏற்றம்! ஆலையில் திறன் இருந்தும், வாங்க ஆளிருந்தும், உற்பத்தி அடக்கி வைக்கப்பட்டது என்றும் ஆணையம் கண்டது. 2012 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. 11 கம்பெனிகளுக்கும் அவர்கள் சங்கத்துக்கும் ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம். இரண்டாண்டு நிகர இலாபத்தில் பாதி! நம் நாட்டு மூட்டைகளும் அதில் உண்டு: இந்தியா சிமெண்ட்ஸ், இன்று ராம்கோ எனப்படும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ்.

"முதலாளிக்கும் கான்ட்ராக்டருக்கும் வழக்கு, பாட்டாளிக்கு இதில் என்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. என்னவா? சூளையைப் பாதி அணைத்துவைத்து விலையை ஏற்றினால், அணைந்த சூளையருகே நின்றவனுக்கு வேலை ஏது? சிமிண்டு விலை ஏறியதால் பாதியில் நின்ற சுவரருகே கொத்தனார் எதற்கு, சித்தாள் எதற்கு? பள்ளிக்கூடம் கட்ட ஒதுக்கிய பணத்தில் ஐந்து அறை எழும்ப வேண்டிய இடத்தில் நான்குதான் எழும்பும். சர்க்கார் கணக்கில் இது திருட்டு என்று பதிவாகாது. "மதிப்பீடு போதவில்லை" என்றுதான் பதிவாகும். வளர்ச்சி, வளர்ச்சி என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்த வளர்ச்சி இப்படித்தான் மூட்டை மூட்டையாகக் களவு போகிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தொழிலாளர் சங்கம் கூடிக் கூலி உயர்வு கேட்டால் கலகம் என்பார்கள். முதலாளிமார் சங்கம் கூடியபின் விலை ஏறினால் அதற்குப் பெயர் சந்தை நிலவரம்!

கம்பெனிகள் குற்றத்தை ஒப்பவில்லை. ஒருவர் விலையை ஒருவர் பார்த்து வைப்பது வியாபாரத்தில் இயல்பு என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு நியாயமும் உண்டு. எதிரெதிர் டீக்கடைகளில் விலை ஒன்றாயிருப்பது மட்டும் சதிக்குச் சாட்சியாகாது. ஆகவேதான் கூட்டமா, கடிதமா, உற்பத்திக் கணக்கா என்று சாட்சி தேட வேண்டியிருக்கிறது. சதிகாரர் சாசனம் எழுதிவைப்பாரா? அதற்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: கூட்டாளிகளில் முதலில் வந்து உண்மையைக் கக்குபவருக்கு அபராதம் முழுதுமேகூடத் தள்ளுபடி ஆகலாம். 2017 ஜனவரியில் ரயில்வே மின்விசிறி டெண்டர் வழக்கில் இப்படி வாய் திறந்த கம்பெனிக்கு 75 சதவீதம் குறைந்தது. திருடனுக்குப் பரிசா என்று முகம் சுளிக்க வேண்டாம். கூட்டுக்குள் சந்தேகத்தை விதைத்தால், கூட்டு தானே பிளக்கும்!

சிமிண்டு வழக்குக்கு வருவோம். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்காதவரும் தீர்ப்பில் கையெழுத்திட்டார் என்பது காரணம். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கண்டிப்பை நாம் குறை சொல்லோம். மறுபடி விசாரணை, 2016 ஆகஸ்டில் மறுபடி அபராதம், இம்முறை ஏறத்தாழ 6,700 கோடி. 2018 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் மேல்முறையீட்டை ஏற்று, பத்தில் ஒரு பங்கைக் கட்டிவைக்கச் சொன்னது. மனு போய் எட்டாண்டு ஆகியும் வழக்கு முடியவில்லை. கம்பெனிகள் கட்ட வேண்டியிருந்தது பத்தில் ஒன்று. அன்று மூட்டை வாங்கியவன் முழு விலையையும் அன்றே கொடுத்துவிட்டான்.

அதற்குள் சந்தையே சுருங்குகிறது. 2024 டிசம்பரில், தாழையூத்தில் பிறந்த இந்தியா சிமெண்ட்ஸை அல்ட்ராடெக் வாங்க அதே ஆணையம் இசைவளித்தது. 11 பேரில் ஒருவரை இன்னொருவர் வாங்கிவிட்டார்! கூடிப் பேசுவது குற்றம். கூடி ஒன்றாகிவிட்டால் முன்கூட்டி அனுமதி பெற்றால் போதும். அனுமதி தரும்போது ஆணையம் எவ்வளவு விழிப்பாயிருக்கிறது என்பதைக் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

பார்த்தால் மட்டும் போதுமா? ஆணையத்துக்குத் தகவல் தரத் தனி மனிதருக்கும் உரிமையுண்டு, நுகர்வோர் சங்கத்துக்கும் உண்டு, வணிகர் சங்கத்துக்கும் உண்டு. ஆனால் 2023-ல் வந்த திருத்தம் ஒரு கெடு வைத்துவிட்டது. சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் மனு போயாக வேண்டும். தாமதித்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். வழக்கை முடிக்கக் கெடு இல்லை. கொடுக்கக் கெடு உண்டு! ஆகவே, விலை திடீரென ஒரே நாளில் எல்லா மூட்டைக்கும் ஏறும்போது, நம் கிளைத் தோழர்கள் கடை ரசீதைக் கசக்கி எறியாமல், தேதியோடு கோத்துவைக்கட்டும்.