பழைய ஸ்போர்ட்ஸ் கார் தினசரி ஓட்டத்துக்கு உதவுமா?

"மாமா, நாளைக்கு என்னோடு பட்டணத்துக்கு வாங்க. ஒரு காடி பார்த்து வச்சிருக்கேன்" என்று என் தங்கை மகன் ஒரு சனிக்கிழமை இரவு வந்து நின்றான்.

"என்ன காடிடா?" என்று கேட்டேன்.

"எம்.ஜி." என்றான்.

எம்.ஜி. என்றதும் நம்மில் பலருக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வரும். எனக்கோ எங்கள் தோட்டத்துச் சின்னத்துரையின் ஞாபகம் வந்தது. 1960-களின் கடைசியில், நான் சிறுவனாக இருந்தபோது, அவர் ஒரு சிவப்பு எம்.ஜி. கார் வைத்திருந்தார். இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை. செம்மண் சடக்கில் அது போகும்போது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடுவோம். பிறகு நானே அந்தத் தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் மெக்கானிக்காக வேலை செய்தேன். லாரி, டிராக்டர், கிராணியாரின் மோரிஸ் மைனர் எல்லாம் என் கைக்கு வந்தன. எம்.ஜி. மட்டும் வரவில்லை.

பையன் தொழிற்சாலையில் டெக்னிஷியன். வீட்டிலிருந்து வேலை இடம் 30 கிலோமீட்டர். சும்மா ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அல்ல, தினமும் வேலைக்குப் போய்வரவே அந்தக் காரை வாங்கப் போவதாகச் சொன்னான். அவனுடைய சேமிப்பு போதவில்லை. மீதிப் பணத்தைத் தருவதாக அவன் அப்பா, அதாவது என் மச்சான், ஒப்புக்கொண்டிருந்தார். அது சேமநிதிப் பணம். அதிகாலையில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாசகர்களே! பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது தவறா? தவறில்லை. தினமும் ஓட்ட முடியுமா? முடியும். ஆனால் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் பணத்தை இழப்பான். கையால் தடவி, குனிந்து, அடியில் படுத்துப் பார்த்து வாங்குகிறவன் பிழைப்பான். அன்று நாங்கள் பார்த்ததையும் பிறகு கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது இப்படி ஓர் ஆசை வந்தால் உதவும்.

எங்கே பிறந்தது இந்தக் கார்?

எம்.ஜி. என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்ற பெயரின் முதல் எழுத்துகள். கிராணியார் ஓட்டிய மோரிஸ் மைனரும் துரை ஓட்டிய எம்.ஜி.யும் ஒரே குடும்பம்தான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மோரிஸ் தொடங்கிய வியாபாரத்தில் பிறந்தவை இவை. என் மருமகன் பார்த்து வைத்தது 'எம்.ஜி.பி.' என்ற மாடல். 1962 முதல் 1980 வரை அபிங்டன் என்ற ஊரில் 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. 1980-இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது. எம்.ஜி. என்ற பெயர் இன்று சீன நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிறது. புதிதாக வரும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டு உறவு இல்லை.

1,798 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், 95 குதிரைத் திறன். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே இந்த வேகத்தைத் தொட்டுவிடும். ஆகவே 'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எளிமையான எஞ்சின். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் கழற்றி மாட்டலாம். தினசரி ஓட்டத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைப் பலர் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

தகடுதான் கார்

மறுநாள் போய்ப் பார்த்தோம். சிவப்புச் சாயம் கண்ணாடிபோல் மின்னியது. பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! நான் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கிறோமே, அதே காந்தம்தான். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடும் படியில் வைத்தேன். ஒட்டவில்லை. கீழே விழுந்தது. சாயத்துக்குள்ளே இருந்தது தகடு அல்ல, புட்டி!

இந்த இடம் ஏன் முக்கியம்? லாரிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருக்கும். எம்.ஜி.பி.க்கு அப்படிச் சட்டம் இல்லை. உடல் தகடேதான் அதற்கு எலும்பு. அதிலும் கூரையில்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு இந்தப் படிக்குத்தான். இது பல அடுக்குத் தகடுகளால் ஆனது. உள்ளே தண்ணீர் தங்கினால் உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

கதவு இடுக்கையும் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜாக் வைத்துத் தூக்கிய பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் வேண்டவே வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டியும் துருப்பிடிக்கும் இடம்தான். ஏறக்குறைய 1974 வரை வந்த கார்களில் அங்கே ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தது. பிறகு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றாகிவிட்டது.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? இந்தக் காருக்குப் பல் இந்தப் படிதான். எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம். தகடு செத்தால் காரையே மறுபடி கட்ட வேண்டும்.

எஞ்சின் சொல்லும் செய்தி

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். முன்பலகையில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் 50 முதல் 60 பவுண்டு வரை காட்டினால் நல்ல எஞ்சின். ஓட்டத்திலேயே 30-க்குக் கீழே இறங்கினால் உள்ளே தேய்மானம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கீழே இரண்டு சொட்டு எண்ணெய் சிந்தினால் கலங்க வேண்டாம். இந்த எஞ்சினுக்கு அது பிறவிப் பழக்கம்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து உட்காரும் இடம் தேயாமல் அது காத்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. ஆகவே சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு வளையங்கள் பதித்திருக்க வேண்டும். பதித்ததற்கு ரசீது இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10, 11 லிட்டர் குடிக்கும். 95 ஊற்றி மேடு ஏறும்போது எஞ்சினில் தட்டுகிற சத்தம் கேட்டால் 97 ஊற்றுங்கள்.

1967-இன் கடைசியில் வந்த மாற்றங்கள் தினசரி ஓட்டத்துக்கு நல்லவை. அதற்கு முந்திய கார்களில் ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறங்கினால் பற்கள் கடிக்கும். பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் மாற்றி மாட்டினால் மின்சாமான்கள் கருகிவிடும். 'ஓவர்டிரைவ்' வசதி இருக்கும் காராகப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுற்று குறைந்து, சத்தமும் குறையும்.

1974-இன் கடைசி முதல் வந்தவற்றில் குரோமியம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். அழகு குறைவு என்று பலர் ஒதுக்குவதால் இவற்றுக்கு விலை சற்று மலிவு. எம்.ஜி.பி.க்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 1975 முதல் அங்கே போனவற்றில் ஒரே கார்புரேட்டர்தான். சக்தியும் வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து வந்து, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிய காரானால், மாற்றிய வேலை எப்படி என்று ஆராயுங்கள்.

நம் வெயிலும் மழையும்

இங்கிலாந்தின் குளிருக்குச் செய்த கார் இது. குளிர்சாதனம் கிடையாது. துணிக்கூரை எவ்வளவு நல்லதானாலும் நம் ஊர் மாலை மழைக்கு எங்காவது ஒழுகும். நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடேறும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மின்விசிறி ஒன்று பொருத்துவது நல்லது. பழைய பாயிண்டுகளை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்தினால் காலையில் தொல்லை இல்லாமல் ஸ்டார்ட் ஆகும். முன்சக்கரத் தாங்கிகளுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். தோட்டத்து டிராக்டருக்கு அடிக்கிறோமே, அதே வேலைதான். அதை மறந்தவர்களின் காரில்தான் தாங்கி தேய்ந்து சக்கரம் ஆடும்.

காற்றுப்பை கிடையாது. புதுக் கார்களைப்போல் அவசரத்தில் தானே பிரேக்கைச் சமாளிக்கும் கருவியும் கிடையாது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். முன்னே போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுகிறவன் ஓட்டலாம். சீறிப்பாய்கிற சுபாவம் உள்ள பிள்ளைக்கு இந்தக் காரை வாங்கித் தராதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இதுவே ஒரே காராக இருக்கக் கூடாது.

சுண்டைக்காய் கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வாங்கும் விலையோடு கணக்கு முடியாது. கையில் உள்ள பணத்தை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்கில் காரைப் பாருங்கள். ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. காப்புறுதி நிறுவனங்களும் யோசிக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

உதிரிச் சாமான்கள் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் காருக்கு இங்கிலாந்தில் இன்றும் ஏறக்குறைய எல்லாச் சாமான்களும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் தபாலில் வர நாளாகும். அந்த நாள்களில் வேலைக்கு எப்படிப் போவது? அதனால்தான் பையனிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: "மோட்டார் சைக்கிளை விற்கக் கூடாது."

முடிவு என்ன?

காந்தம் விழுந்ததைப் பார்த்ததும் பையன் முகம் வாடிவிட்டது. "சின்னக் குறைதானே மாமா, சரி பண்ணிக்கலாம்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த மச்சானின் கையைப் பிடித்துப் படிக்கு அடியில் தடவச் சொன்னேன். அவர் விரலோடு துருத்தூள் உதிர்ந்து வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பட்டு போன மரத்துக்குப் பட்டை மட்டும் பச்சையா இருக்கு" என்றார். பையன் பேசாமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து வேறொன்று கிடைத்தது. 1972-இல் செய்த எம்.ஜி.பி. ஜி.டி. அதாவது இரும்புக்கூரை உள்ளது. பின்னால் கதவு திறந்து சாமான் வைக்கலாம். பச்சைச் சாயம் மங்கி, இருக்கை கிழிந்திருந்தது. ஆனால் காந்தம் வைத்த இடமெல்லாம் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அழகில்லாததால் விலையும் இறங்கியது. பையனின் சேமிப்பே போதுமானதாக இருந்தது. மச்சானின் சேமநிதிப் பணத்தில் ஒரு வெள்ளியும் தொடவில்லை.

வருடம் ஒன்று ஆகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் அதில்தான் வேலைக்குப் போகிறான். இரண்டு முறை நடுவழியில் நின்றது. ஒருமுறை பெட்ரோல் பம்ப். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும் இடத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டியதும் மறுபடி ஓடியது. அடுத்த வாரமே புதுப் பம்ப் போட்டோம். இன்னொரு முறை ரேடியேட்டர் குழாய். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்கிறோம். என் தங்கை சந்தைக்குப் போனால் காய்கறிப் பைகளைப் பின்கதவு வழியாக வைக்கிறாள். "துரை காடியில சுரைக்காய் வருது பாரு" என்று மச்சான் சிரிக்கிறார்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஓர் ஆசை இருந்தால் உடனே திட்டிவிடாதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவனோடு நீங்களும் போய்வாருங்கள்.